கட்டில் கம்பியில் இரண்டு தட்டல்

பரிசோதனைக் கூடத்தின் பின்னறையில், சாப்பாட்டு டப்பாவை ஒரு பக்கமும் போனை மறுபக்கமுமாக வைத்துக்கொண்டு, முகம் தெரியாத ஒருவரின் கட்டுரைக்கு மதிப்பெண் போட உட்கார்ந்தாள் டோக்கன் அக்கா. ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்கு வாசல் மேசையில் டோக்கன் கிழித்துக் கொடுக்கிற வேலை என்பதால் அந்தப் பெயர். அவளுடைய அப்பா ஓய்வுபெறும்வரை பஸ் கண்டக்டர். அப்பா டிக்கெட் கிழித்தார், மகள் டோக்கன் கிழிக்கிறாள், ஆகக் குடும்பத் தொழில் கெடவில்லை என்று தம்பி கேலி பேசுவான்.

டோக்கன் கிழித்தே காலம் தள்ளுவதாக அவளுக்கு உத்தேசம் இல்லை. பிசியோதெரபி படிப்பில் இடம் கேட்டிருந்தாள். அதற்கு முன்னால் கல்லூரி நடத்தும் எழுத்துப் பாடம் ஒன்றில் தேறியாக வேண்டும். மருத்துவத் துறைக்குப் போகிற எல்லோருக்குமான இணையவழிப் பாடம் அது. நர்ஸ் ஆகப்போகிறவர்கள், எக்ஸ்ரே எடுக்கப்போகிறவர்கள், மருந்தாளுநர்கள் எனப் பலரும் அவரவர் வீட்டிலிருந்து எழுதி அனுப்புவார்கள். நடத்துகிற பேராசிரியை திரையில் திருத்தங்களைச் சிவப்பில் போடுவார். அதனால் மாணவர்களுக்கு அவர் சிவப்பு மேடம். ஒவ்வொரு கட்டுரையும் பேர் நீக்கப்பட்டு மற்ற மாணவர் சிலருக்குப் போகும். படித்து மதிப்பெண் போட்டுக் கருத்தும் எழுத வேண்டும். மாலைக்குள் எழுதாவிட்டால் சொந்த மதிப்பெண்ணில் கை வைப்பார்கள்.

இந்த வாரத் தலைப்பு, வேலையிடத்தில் கவனித்த ஒரு நோயாளி. ஆள் யாரென்று தெரியக்கூடாது, ஆனால் கண்முன் நிற்க வேண்டும் என்று சிவப்பு மேடம் சொல்லியிருந்தார். மீசையைப் போடாமல் மீசைக்காரனை வரையச் சொல்கிறார் என்று குழுவில் ஒருவன் புலம்பியிருந்தான்.

கட்டுரை நன்றாகவே இருந்தது. ரத்த அழுத்தத்துக்காகச் சேர்க்கப்பட்ட, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைப் பற்றியது. நர்ஸ் மாத்திரையைக் கொடுத்ததும் அந்த அம்மாள் தண்ணீரை மடமடவென்று குடித்து, வாயைத் திறந்தும் காட்டுவார். நர்ஸ் நகர்ந்த பிறகு நாக்கின் அடியிலிருந்து வெள்ளை மாத்திரையை எடுத்து, கைத்தடியின் நுனியில் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றி, குழாய்க்குள் போட்டு மூடிவிடுவார். மஞ்சள் மாத்திரையோடு அவருக்குத் தகராறு இல்லை, அதை விழுங்கிவிடுவார். ‘அந்த வெள்ளையைப் போட்டால் எழுந்து நிற்க முடியவில்லை, பாத்ரூமுக்குக்கூட ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது, சொல்லிவிடாதே’ என்று என் கையைப் பிடித்துக்கொண்டார் என்று எழுதியிருந்தது.

விவரங்களுக்கு முழு மதிப்பெண் என்று முடிவு செய்துகொண்டே அடுத்த பத்திக்கு வந்தாள்.

‘ஸ்கேனுக்குக் கொண்டுபோகக் கட்டிலைத் தள்ளும்போது, அவர் பக்கவாட்டுக் கம்பியில் விரல் மடித்து இரண்டு முறை தட்டுவார். தட்டுவதற்கு முன் யாராவது தள்ளிவிட்டால் அவருக்குக் கோபம் வரும்.’

ஸ்பூன் டப்பாவுக்குள் விழுந்தது. பஸ்ஸில் கண்டக்டர் ஒரு தட்டு தட்டினால் நில், இரண்டு தட்டினால் போகலாம். சின்ன வயதில் அவளைச் சைக்கிளில் உட்காரவைத்துவிட்டு அப்பா சீட்டில் இரண்டு முறை தட்டிய பிறகுதான் மிதிப்பார். எந்த ஆசிரியை கட்டிலுக்கு ரைட் கொடுப்பாள்?

அப்பாவை நேற்று மாலைதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். இருந்தவரைக்கும் அழுத்தம் இறங்கவே இல்லை. பிடிவாதமான பிரஷர் என்று டாக்டர் வெள்ளை மாத்திரையின் அளவை ஏற்றிக்கொண்டே போனார். வீட்டில் ஒரு வேளைகூட விடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். அப்பாவின் தந்திரமெல்லாம் தெரிந்த மகள்தான் தம்பியைக் கூப்பிட்டு, பொடித்து வாழைப்பழத்தில் பிசைந்து ஊட்டிவிடு, ஏமாற்ற முடியாது என்று யோசனை சொன்னாள். காலையில் தம்பி செய்தி அனுப்பியிருந்தான்: ‘முழுசா உள்ள போயிடுச்சு. சமத்தா தூங்குறாரு.’

அந்தச் செய்தியை மறுபடி எடுத்துப் படித்தாள். இறங்காத அழுத்தத்துக்காக ஏற்றி ஏற்றி வைத்த அளவு, முதல் தடவையாக முழுசாக உள்ளே போயிருக்கிறது. மதிய வேளைக்கு இன்னொன்று காத்திருக்கிறது.

தம்பியைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் கூப்பிட்டாள். அப்பாவின் தூக்கம் கெடக்கூடாதென்று போனைச் சத்தமில்லாமல் வைத்திருப்பான், பாசக்காரப் பிள்ளை. ஆஸ்பத்திரிக்கு அடித்தால் காத்திருக்கச் சொல்லி ஏதோ இசை ஓடியது. சூப்பர்வைசரிடம் வீட்டில் அவசரம் என்றாள். வெளியே கூட்டம் நிற்கிறதே, டோக்கனை நானா கிழிப்பேன் என்று அவர் ஆரம்பித்தார். ஆமாம், நீங்கதான் கிழிக்கணும் என்று டோக்கன் கட்டை அவர் கையில் வைத்துவிட்டு வெளியேறினாள். அதற்கு என்ன கிடைக்கும் என்பதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆட்டோவில் போகும் வழியெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். சிக்னலில் நின்றபோது டிரைவர் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் சந்துக்குள் வண்டியை ஒடித்தார்.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. தம்பி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு கையால் அப்பாவின் தலையைத் தாங்கிக்கொண்டு மறு கையால் கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருந்தான்.

“கிண்ணத்தைக் கீழ வை.”

“என்னக்கா இந்நேரத்துல? பாதிதான் சாப்பிட்டாரு, கண்ணைத் திறக்கவே மாட்டேங்குறாரு.”

“பாதி உள்ள போயிடுச்சா?”

“இல்ல, பாதிப் பழம்தான். மருந்து கலந்த பாதி இன்னும் கிண்ணத்துல இருக்கு. முதல்ல வெறும் பழத்தைக் குடுத்து ஆசை காட்டினேன்.”

பிறந்ததிலிருந்து தம்பி செய்த எந்தக் காரியமும் அவளுக்கு இவ்வளவு பிடித்ததில்லை. அதைச் சொல்ல நேரமில்லை. அப்பாவின் நெற்றி ஈரமாக, குளிர்ந்து கிடந்தது. தலையணையை உருவிப் படுக்கவைத்து, இருந்த தலையணைகளையெல்லாம் காலுக்கடியில் அடுக்கச் சொன்னாள். பிரஷர் கருவியின் பட்டையைச் சுற்றினாள். கருவி காற்றை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றியது. வந்த மேல் எண்ணே வழக்கமான கீழ் எண் அளவுக்குத்தான் இருந்தது. தம்பி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான்.

அது வரும்வரைக்கும் அவளால் சும்மா நிற்க முடியவில்லை. மூலையில் சாத்தியிருந்த கைத்தடியை எடுத்து, நுனி ரப்பரைத் திருகினாள். கழன்றது. தரையில் தட்டியதும் வெள்ளையாக ஒரு கொத்து வந்து விழுந்தது. எச்சிலில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சில கரைந்து பொடியாகி, எத்தனை என்று பிரிக்க முடியாத கட்டி.

சத்தம் கேட்டு அப்பா பாதிக் கண் திறந்தார்.

“செக்கர் ஏறிட்டாங்களா, பாப்பா?” என்றார், குரல் எங்கோ கிணற்றடியிலிருந்து வருவதுபோல.

“ஏறியாச்சுப்பா. நீங்க பேசாம படுங்க.”

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் குளுக்கோஸ் ஏற்றி, எண் மெல்ல மேலே வந்தது. பிறகு பழைய வார்டுக்கே மாற்றச் சொன்னார்கள். அப்பாவை அனுப்பிவைத்த அதே டாக்டர் வந்து, அவள் கைக்குட்டையில் கட்டிக் கொண்டுவந்திருந்த மாத்திரைக் கட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவருடைய கழுத்துப் பக்கம் சிவந்தது.

“கைத்தடிக்குள்ள பார்க்கணும்னு எப்படித் தோணுச்சு?”

கட்டிலின் தலைமாட்டில், தள்ளிக்கொண்டு போவதற்காக ஒரு வார்டு உதவியாளர் வந்து நின்றிருந்தாள். இருபது வயதைத் தாண்டியிருக்க மாட்டாள். கேள்வி காதில் விழுந்ததும் கம்பியைப் பிடித்திருந்த அவளுடைய விரல்கள் இறுகுவதை டோக்கன் அக்கா கவனித்தாள். கட்டுரையில் வந்த ‘என் கையைப் பிடித்துக்கொண்டார்’ என்பது அந்தக் கைதான்.

சொல்லிவிடலாம் என்று இருந்தது. போனில் இருக்கிறது கட்டுரை. எடுத்துக் காட்டினால் போதும். நாலு நாள் பார்த்துக்கொண்டு நின்றாளே, அளவு ஏற ஏற வாயை மூடிக்கொண்டிருந்தாளே என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதே நாக்குதான் பொடித்து ஊட்டு என்றும் சொன்னது.

“அவரு கண்டக்டரா இருந்தவர், சார். ஒளிச்சுவைக்கிறதுல கை தேர்ந்தவரு” என்று முடித்துக்கொண்டாள்.

டாக்டருக்கு அது போதவில்லை. கட்டியைக் காட்டி, எல்லா வேளையும் துப்பினாரா, சில வேளையா என்று கேட்டார். வெள்ளை மட்டுமா, மஞ்சளும் இதோடு கரைந்துவிட்டதா? எது உடம்பில் இருந்தது, எது இல்லை என்று தெரியாமல் புது அளவு எழுதினால் மறுபடியும் இருட்டில் கல் எறிகிற கதைதான். அப்பாவிடம் கேட்டார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறவர் மாதிரி கிடந்தார். வேண்டிய பதில் டோக்கன் அக்காவின் போனில் இருந்தது. வாயைத் திறந்தால் எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும், அதற்குப் பின்னால் அந்தப் பெண்ணின் வேலை போகும். திறக்காவிட்டால் அப்பா. அதில் யோசிக்க ஒன்றுமில்லை. போனை எடுக்கப் பைக்குள் கைவிட்டாள்.

“வெள்ளை மட்டும்தான் சார்” என்றாள் தலைமாட்டில் நின்றவள். “எல்லா வேளையும். மஞ்சள் முழுங்கிடுவாரு.”

டாக்டர் திரும்பினார். “நீ பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“பார்த்துட்டு எழுதாம இருந்தியா?”

“எங்களுக்கு எழுத இடம் கிடையாது சார். சார்ட்டைத் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

“வாய் இருக்குல்ல?”

டாக்டர் அவளுடைய அடையாள அட்டையைப் படித்தார். பிறகு வார்டு பொறுப்பு நர்ஸை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். சார்ட்டை வாங்கி, வெள்ளைக்கு நேரே கோடு போட்டு, புதிய அளவை எழுதினார். அந்த அளவு மிகச் சிறியது.

“இவரைக் கொண்டுபோ” என்றார் நிமிராமலே. “விட்டுட்டு என் ரூமுக்கு வா.”

அவள் தள்ளவில்லை. அப்பாவின் கையைப் பார்த்தபடி நின்றாள். கண் மூடியிருந்த மனிதரின் விரல்கள் கம்பியைத் தடவி, மடிந்து, ஒன்று, இரண்டு என்று தட்டின. கட்டில் நகர்ந்தது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை, ஆனால் கட்டில் எந்தச் சுவரிலும் இடிக்காமல் திரும்பியது.

மாலையில் தம்பி அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, டோக்கன் அக்கா வார்டு வாசல் பெஞ்சில் போனைத் திறந்தாள். டாக்டர் அறைக்குப் போனவள் இன்னும் வெளியே வரவில்லை. கதவுக்குப் பின்னால் பொறுப்பு நர்ஸின் குரல் உயர்ந்து தாழ்ந்தது. கருத்து எழுதும் பெட்டி காலியாக இருந்தது, கெடு முடியப்போவதாகத் திரை மின்னியது. இதே கட்டுரை வேறு சிலருக்கும் போயிருக்கும். அவர்களில் யார் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார்களோ.

கோபமாக ஒரு பத்தி எழுதினாள். படித்துப் பார்த்து அழித்தாள். பிறகு, மாற்ற வேண்டியவை என்ற தலைப்பின் கீழ் எழுதினாள்: ‘கம்பியில் இரண்டு முறை தட்டுவதை நீக்கிவிடுங்கள். தெரிந்தவர்களுக்கு அது பேரைச் சொல்வது மாதிரி.’

கட்டுரையின் முடிவுக்கு நகர்ந்தாள். ‘நான் யாரிடமும் சொல்லவில்லை’ என்று முடிந்திருந்தது. உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கதவைப் பார்த்துக்கொண்டே தட்டச்சு செய்தாள்.

‘கடைசி வரியையும் எடுத்துவிடலாம். அது இப்போது உண்மை இல்லை.’