ஒரு விரற்கடை

மூடியை இறுக்கக் கூடாது, இறுக்கினால் உள்ளே மூச்சுமுட்டி ஒருநாள் வெடிக்கும், என்று மனதுக்குள் சொல்லியபடி சிவகௌரி அந்த ஜாம் போத்தலின் மூடியைக் கால் சுற்றுத் தளர்த்துகிறாள், மேலே வெளிறிய பொன்னிற நீர், நடுவில் கட்டித் தேங்காய்ப்பால் போல ஈஸ்ட், அடியில் மண்ணிறக் கசடு, மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கின்றன, ஒட்டிய தாளில் ஏழு என்றிருக்கிறது, இது ஏழாவது தடவை, பியர் நொதித்து முடிந்ததும் வாளியின் அடியில் தங்குவதைக் கொதித்தாறிய நீரில் கழுவி, வெள்ளையை மட்டும் சாய்த்தெடுத்து அடுத்ததற்கு வைப்பாள், நோர்வேயின் பேர்கனில் இன்றைக்கும் மழை, முன்னறையில் ஞானேந்திரன் இருக்கிறான், நான்கு வருடத்துக்கு முன் இந்த வீட்டைவிட்டுப் போனவன், ஈரச் சப்பாத்தைப் பழைய இடத்திலேயே கழற்றி வைத்திருக்கிறான், கௌரி, கடையில வாங்கிற ஒண்டிலயும் அந்த ருசி வரேல்லை, அந்த ஈஸ்டில ரெண்டு கரண்டி தாரும் காணும், நான் தொடங்கினதுதானே, என்கிறான்.

அவன் தொடங்கியதுதான், முதல் ஈஸ்ட் பைக்கற்றைப் பல்லால் கிழித்தவன் அவன்தான், வாளி குமிழ் விடும் சத்தத்தைக் கட்டிலில் கிடந்தபடி இருவரும் எண்ணிய இரவுகளும் இருந்தன, பிறகு ஒஸ்லோவிலிருந்து அவனுடைய அக்கா பவளம் வந்தாள், வந்த அன்றே ஈஸ்ட் போத்தலின் முக்கால்வாசியை அப்ப மாவுக்குள் ஊற்றிவிட்டாள், கள்ளு மணம் மணந்துது பிள்ளை, அப்பத்துக்கெண்டு வச்சிருக்கிறீராக்கும் எண்டு நினைச்சன், என்றாள், விடியும்போது மாவு சட்டியைத் தாண்டி, அலுமாரிக் கதவால் வழிந்து, தரைக்கு வந்திருந்தது, அப்பத்தில் பியரின் கசப்பு, ஆனாலும் ஒன்றும் மிஞ்சவில்லை, அக்கா, உங்கட அப்பத்தைத் திண்டிட்டுக் கார் ஓடினாப் பொலிஸ் பிடிப்பான், என்று ஞானேந்திரன் சிரித்தான், இந்த வீட்டில் அவன் கடைசியாகச் சிரித்தது அதுவாகத்தான் இருக்கும், போத்தலில் எஞ்சிய கால்வாசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவன் முகம் மாறி, இது செத்துப்போச்சு, கொட்டும், என்றான், அந்த மாதம் அவன் பலதையும் அப்படித்தான் சொன்னான், மூன்று கிழமையில் இரண்டு சூட்கேசோடு போனான்.

அவன் போன அன்று அவள் கொட்டத்தான் போனாள், குழாயடியில் கை சரியவில்லை, இளஞ்சூட்டு நீரில் முளைப்பார்லி மோல்ற் கரைத்து ஊற்றி, துணியால் மூடி, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள், முதல் நாள் ஒன்றுமில்லை, இரண்டாம் நாளும் இல்லை, அவளும் சாப்பிடவில்லை, மூன்றாம் நாள் காலை விளிம்பில் கடுகளவு ஒரு குமிழ், அது உடைந்து இன்னொன்று, குசினித் தரையில் அப்படியே இருந்துவிட்டாள், பசித்தது, நல்ல பசி.

கௌரி, என்ன, தேடுறீரோ, என்று முன்னறையிலிருந்து குரல் வருகிறது, அவள் ஜாம் போத்தலைக் குளிர்பெட்டியின் உள்ளே தள்ளிவிட்டு, பக்கத்தில் நின்ற பியர்ப் போத்தல் ஒன்றை எடுத்துப் போகிறாள், கிளாசைச் சாய்த்து மெல்ல ஊற்றுகிறாள், அந்த ருசிதான், முகர்ந்ததுமே அவன் கண்ணை மூடுகிறான், போத்தலின் அடியில் படிந்த வெள்ளை ஈஸ்ட் மெதுவாகக் கழுத்தை நோக்கி நகர்கிறது, அதையும் ஊத்தும், அதிலயும் உயிர் இருக்குத்தானே, அது போதும் எனக்கு, என்கிறான், அதில் உயிர் இருப்பது அவளுக்கும் தெரியும், ஒரு விரற்கடை மிஞ்சியிருக்கையில் போத்தலை நிமிர்த்துகிறாள், கலங்கிய வெள்ளை ஒருமுறை சுழன்று திரும்பவும் அடிக்கு இறங்குகிறது, குடியுங்கோ, என்கிறாள், மிச்சம் இஞ்ச இருக்கட்டும்.