அயூப் பாயின் ஒளு

மறைமலை நகர் தொழிற்சாலை ஒன்றுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேனை ஓட்டுகிறவர் அயூப். வீடு ஊரப்பாக்கத்தில். எட்டு மாதமாகக் காலையில் வெளிக்குப் போய் வந்தால் இரண்டு மணி நேரம் கண்ணாடித் துண்டால் அறுத்த மாதிரி எரியும். அந்த எரிச்சலோடுதான் ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டி ஓட்டினார். களிம்பு தடவினார், டப்பில் வெந்நீர் ஊற்றி உட்கார்ந்தார், கீரையும் பழமுமாகத் தின்றார். கேட்டவர்களிடம் மூலம் என்று சொல்லிவைத்தார்.

“மூலம் இல்ல பாய், ஆசனவாயில வெடிப்பு,” என்றார் தாம்பரம் டாக்டர் ஸ்ரீரங்கன். “உள்தசை இறுகிப்போய் ஆற விடமாட்டேங்குது. சின்ன ஆபரேஷன்ல அதைக் கொஞ்சம் வெட்டி விடலாம். பத்துல ஒன்பது பேருக்குச் சரியாயிடும். இல்லேன்னா ஊசி. தசை மூணு மாசம் தளர்ந்திருக்கும், அதுக்குள்ள புண்ணு ஆறணும். ஆறினாலும் சில பேருக்குத் திரும்ப வருது.”

“அப்ப ஆபரேஷனே பண்ணிடுங்க சார்.”

“ஒண்ணு சொல்லிடறேன். வெட்டினது வெட்டினதுதான். சில பேருக்கு அப்புறம் காத்து அடங்காது. பெரும்பாலும் கொஞ்ச நாள்ல சரியாயிடும். ஒருத்தர் ரெண்டு பேருக்கு அப்படியே நின்னுடும்.”

அயூப் ஐந்து வேளையும் தொழுகிறவர். தொழுகைக்கு முன் முகம் கை கால் கழுவிச் செய்யும் ஒளு, காற்றுப் பிரிந்தால் முறிந்துவிடும். அதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

“ஊசியே போடுங்க,” என்றார்.

இரண்டே வாரத்தில் எரிச்சல் அடங்கியது. நான்காவது மாதம் ஒரு காலையில் அதே அறுப்பு திரும்ப வந்தது. கக்கூஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழக்கூடத் தெம்பில்லை. அன்றுதான் மனைவி ருக்ஸானாவிடம் ஆபரேஷன் வேண்டாம் என்றதற்குக் காரணத்தைச் சொன்னார்.

மறுநாள் அவள் பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத்தின் வீட்டுக்குப் போய், அவர் மனைவியை விட்டுக் கேட்கச் சொல்லிப் பதில் வாங்கி வந்தாள்.

“என் மானத்த வாங்கிட்டியா?”

“பேரு சொல்லலைங்க. அடக்க முடியாத நோயின்னா ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் புதுசா ஒளு செஞ்சுட்டா நடுவுல பிரிஞ்சாலும் தொழலாமாம். ஒரு வருஷமா நீங்க பல்லக் கடிச்சிக்கினு வண்டி ஓட்டுறீங்க. போதும், எனக்கே முடியல.”

அவர் டாக்டருக்குப் போன் செய்தார்.

அடுத்த வாரம் ஆபரேஷன் நடந்தது. சில நாளில் அறுப்பு நின்றது. மாதம் முடிவதற்குள் புண் ஆறியது. ஆனால் டாக்டர் சொன்னபடியே காற்று அவர் பேச்சைக் கேட்கவில்லை. எப்போதும் இல்லை, எப்போதாவது. அதனால் ஹஜ்ரத் சொன்ன சலுகை அவருக்குப் பொருந்தாது; பிரிந்தால் மறுபடி ஒளு செய்ய வேண்டும்.

ஒரு நாள் மாலை அஸர் தொழுகையில் வரிசையில் நிற்கும்போதே பிரிந்துவிட்டது. அயூப் தலை குனிந்தபடி வெளியே வந்தார். குழாயடியில் உட்கார்ந்தார். வலிக்காமல் உட்கார முடிந்தது. அவசரப்படாமல் முழங்கை வரை கழுவி, கால் நனைத்து, உள்ளே போய்க் கடைசி வரிசையில் சேர்ந்துகொண்டார்.