சலவைக்கூடத்துத் தம்பி

மலைகளைச் சுரங்கக்காரர்கள் பிடுங்கிக்கொண்ட பிறகு, தப்பிப் பிழைத்த பழங்குடிகளில் குடும்பம் இல்லாதவர்களை காவலர்கள் முகாமுக்குப் பிடித்துப் போனார்கள். போனவர் யாரும் திரும்பவில்லை.

நகரத்துச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மலைக்காரி, வழியில் தனியாக நின்ற ஒரு சிறுமியை மகள் என்று சொல்லிக் காப்பாற்றி வைத்திருந்தாள். அன்று மதியம் மூச்சிரைக்க ஒருவன் உள்ளே ஓடிவந்தான். அவன் கையில் வேறொரு மலையின் பச்சைக்குத்து. பின்னாலேயே காவலன்.

"இவன் யாரு?"

அவள் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "என் தம்பிங்க."

"தம்பியா?" காவலன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். அவனோ கல்லாய் நின்றான். அவள் ஈரப் போர்வையை அவன் தோளில் விட்டெறிந்தாள்.

"வேலைன்னா ஒளிஞ்சுக்குவே, சோறுன்னா முதல் ஆளா வந்து நிப்பே!"

அவனுக்கு உயிர் வந்தது. "உன் வாய்க்குப் பயந்துதானே மாமா ஓடிப்போனாரு!"

காவலன் சிரித்துவிட்டு, மேலே இருப்பவர்களைச் சோதிக்க மாடியேறினான்.

தலைக்கு மேலே பூட்ஸ் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"நான் கிளம்புறேங்க," என்று முணுமுணுத்தான் அவன்.

"கூடப்பொறந்தவகிட்ட யாராவது 'ங்க' போடுவாங்களா? அவன் இறங்கி வரும்போது நீ இல்லன்னா எங்களையும் தூக்கிட்டுப் போயிடுவான். உட்காருடா."

சிறுமி பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். அவன் உட்கார்ந்ததும் அவன் சட்டை நுனியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.