வெந்நீரில் போட்ட பல் செட்டு

கருப்பண்ணனுக்கு நாற்பத்தைந்து வயதுக்குள் வாயில் ஒரு பல்கூட மிஞ்சவில்லை. மனைவியை இழந்த அவருக்கு மலைமேல் வளப்பூர் நாட்டில் மிளகுக்கொடி இருந்தது, பலா மரங்கள் இருந்தன, அடுப்படியை யாருக்கும் விட்டுக்கொடுக்காத அக்கா அத்தாயி இருந்தாள். மலையிலிருந்து இறங்கி அடிவாரத்துக் காரவள்ளியில் குடியேறிவிட்ட குடும்பத்துப் பொன்னாயி மேல் அவருக்கு அப்படியொரு ஆசை. அவளும் புருஷனை இழந்தவள். சம்மதமும் சொல்லிவிட்டாள். மிச்சமிருந்த ஒரே தடை பாக்கு.

அவர்கள் வகையறாவில் பெண் வீட்டார் கொடுக்கும் கொட்டைப்பாக்கை மாப்பிள்ளை சபையில் மென்று காட்ட வேண்டும். பாக்கு நொறுங்கினால்தான் சம்பந்தம் உறுதி. இந்தச் சட்டத்தைப் போட்டவன் எவனோ, அவனுக்கு முப்பத்திரண்டு பல்லும் இருந்திருக்கும்.

கருப்பண்ணன் மலையிறங்கி, சேலம் போய், ஒரு பல் டாக்டரிடம் ரப்பரில் பதித்த பல் செட்டு கட்டிக்கொண்டு வந்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. டாக்டர் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லியிருந்தார். பச்சைத் தண்ணீரில் சோப்புப் போட்டு மெதுவாகத் தேய்க்க வேண்டும், ராத்திரி பச்சைத் தண்ணீரிலேயே ஊறப் போட வேண்டும். கிருமி சாகட்டும் என்று வெந்நீரில் போட்டால் கிருமியோடு செட்டும் போய்விடும், ரப்பர் வளைந்து வாயில் நிற்காது.

இதை அவர் அக்காவிடம் ஒன்றுவிடாமல் சொல்லத்தான் செய்தார். ஆனால் அத்தாயிக்கு வேறு சட்டம். சேந்தமங்கலம் சந்தைக்குப் போன அவள் புருஷன் வாந்திபேதியோடு திரும்பி இரண்டே நாளில் போய்ச் சேர்ந்ததிலிருந்து, கீழிருந்து வரும் எந்தப் பொருளும் கொதிக்கும் பானைக்குள் போய் வந்த பிறகுதான் வீட்டுக்குள் நுழையும். வேட்டி, செம்பு, பொடி டப்பா எல்லாம் அதில் முங்கி எழுந்தவை. ஒரு தடவை வெல்லத்தைப் போட்டுவிட்டு அரை நாள் பானைக்குள் தேடினாள். டாக்டர் சொன்னாரே என்றால், அந்த டாக்டரும் கீழ்நாட்டு ஆள்தானே என்பாள்.

பாக்கு மாற்றும் நாள் காலையில் கருப்பண்ணன் குளிக்கப் போன நேரம் பார்த்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, அதுவரை அவர் அவள் கையில் சிக்காமல் காத்துவந்த பல் செட்டை நன்றாகக் கொதிக்க வைத்து எடுத்தாள். அவர் வந்து மாட்டிப் பார்த்தார். மேல் செட்டு ஆடியது, கீழ் செட்டு குத்தியது. பெண் வீட்டார் வாசலுக்கு வந்துவிட்டார்கள், வேறு வழியில்லை.

சபையில் எது கேட்டாலும் வாயைத் திறக்காமல் “ம்” என்றார். பொன்னாயியின் அண்ணன் சின்னராசு, மாப்பிள்ளை நிதானமான ஆள் என்று பக்கத்தில் சொல்லிச் சந்தோஷப்பட்டார். பிறகு பாக்கை நீட்டினார். கருப்பண்ணன் ஒரே கடிதான் கடித்தார். பாக்கும் மேல் வரிசைப் பல்லும் சேர்ந்து தாம்பாளத்தில் விழுந்தன.

சின்னராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். கருப்பண்ணனுக்கு அழுகை முட்டியது. அண்ணனோடு வந்து உள்ளே பெண்களோடு இருந்த பொன்னாயி வெளியே வந்து பல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்; ரப்பர் வளைந்து மஞ்சள் ஒட்டியிருந்தது. இதைச் சுட வைத்தது யார் என்று கேட்டாள்.

“நாந்தேன். கீழயிருந்து வாரது எதுவானாலும் கொதிக்க வெச்சாத்தான் ஊட்டுக்குள்ள விடுவேன்,” என்றாள் அத்தாயி.

“ஏனுங்க, நானும் கீழயிருந்துதான வாரேன். என்னையும் பானையில போடுவீங்களா?”

அத்தாயியின் முகம் விழுந்துவிட்டது. புருஷனைப் போல தம்பியையும் தூக்கிக் கொடுத்துவிடுவோமோ என்ற பயம்தான் அவளுக்கு, வேறொன்றுமில்லை. இந்தக் கதையைச் சொல்கிற எனக்கே அவள் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் போய்விட்டது.

“அடுப்பு இனி உன்னுது கண்ணு. நான் அதுகிட்ட வரல,” என்றாள்.

பொன்னாயி அண்ணனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவரோ முறை முறைதான், பாக்கை மென்றாக வேண்டும் என்று நின்றார். கருப்பண்ணன் அதற்கு மேல் யோசிக்கவில்லை. தாம்பாளத்தில் கிடந்த பாக்கை எடுத்து வாயில் போட்டு, கண் பிதுங்க, முழுசாக விழுங்கிவிட்டார்.

சின்னராசு பாக்கு இறங்கும்வரை அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். மென்றவன் துப்பிவிடலாம், விழுங்கினவன் எங்கே துப்புவான் என்று சொல்லிவிட்டுத் துண்டை விரித்து உட்கார்ந்தார்.