நேற்றே அனுப்பிய மெயில்

நேற்று மதியத்திலிருந்து ஒரு மெயில்கூட உள்ளே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதானே, தொல்லை விட்டது என்று இருந்தார் கப்பல் ஏஜென்சி முதலாளி ஜெபகனி. எதிரே, அழுது வீங்கிய கண்களோடு ஆலந்தலை ஜெஸ்மி.

அவளுடைய அப்பா நேற்று இறந்துவிட்டார். அண்ணன் ரெக்ஸ் வேலை பார்க்கும் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே, போன் எட்டாத தூரத்தில் நங்கூரமிட்டு நின்றது. சேதியைக் கேப்டனுக்கு மெயிலில் அனுப்பியாயிற்று. ரெக்ஸ் இறங்க வேண்டுமென்றால் கேப்டன் பதில் மெயிலில் கேட்க வேண்டும். வாய்ச்சொல்லுக்கு ஜெபகனி படகு விடமாட்டார்.

“பதிலே இல்ல, தாயி. அப்பாகூட பேச்சு இல்லன்னு நீதான சொன்ன? வர மனசில்ல போல.”

“அம்மாட்டயும் அப்படியே சொல்லிடுதேன், அண்ணாச்சி. இன்னைக்கே அடக்கம்.”

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் காயல்பட்டினத்து ஷஃபீகாவுக்குச் சுருக்கென்றது. மெயில் சர்வர் நன்றாக இருக்கிறது என்று காலையில் சொன்னவள் அவள்தான். சோதித்த லட்சணம் என்ன? சர்வரில் இருந்துகொண்டே சர்வருக்கு ஒரு மெயில் போட்டாள்; வந்தது. வீட்டுக்குள் நின்று கதவைத் தட்டிப் பார்த்த கதைதான்.

இப்போது லேப்டாப்பைத் தன் போன் இணையத்தில் சேர்த்து, வெளியாளாக நின்று, சர்வரில் மெயில் நுழையும் வாசலான இருபத்தைந்தாம் போர்ட்டைத் தட்டினாள். முகத்தில் அடித்த மாதிரி மறுத்தது. எந்த வாசல் யாருக்குத் திறந்திருக்கிறது என்று காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையைச் சர்வரில் போட்டாள். போர்ட் திறந்துதான் இருந்தது, ஆனால் 127.0.0.1 என்ற உள்முகவரிக்கு மட்டும். மெஷின் தன்னோடு மட்டுமே பேசிக்கொண்டிருந்தது. நேற்று அவள் போட்ட அப்டேட் செட்டிங்கை மாற்றிவிட்டது. போகிற மெயில் போனது. வருகிற மெயிலுக்கு வழியில்லை.

ஒரே ஒரு வரி. அதைத் திருத்தி, மெயில் சர்வீசை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள்.

“அண்ணாச்சி, தப்பு என் மேல. மெயில் வந்திருக்கும், நாமதான் உள்ள விடல. அனுப்புன சர்வர் விட்டு விட்டு முயற்சி பண்ணும். கொஞ்சம் பொறுங்க.”

ஜெஸ்மி எழுந்து அவள் பின்னால் வந்து நின்றாள். முதலில் ஏதோ விளம்பரம் வந்து விழுந்தது. சனியனே, உனக்கு இப்போதுதானா அவசரம்! பிறகு கேப்டனின் பெயர். அடுத்து மறுபடியும் அதே பெயர்.

முதல் மெயில் நேற்று சாயங்காலத்தது: ரெக்ஸ் பையோடு ஏணியருகே காத்திருக்கிறான், படகு அனுப்புங்கள். அடுத்தது இன்று காலையில்: இன்னும் அங்கேயே நிற்கிறான், சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை.

ஜெபகனி வாசித்துவிட்டு, ஜெஸ்மியின் முகத்தைப் பார்க்க முடியாமல் படகுக்காரருக்குப் போன் போட்டார்.

ஜெஸ்மி அம்மாவை அழைத்தாள். “யம்மா, அப்பா பெட்டிய மூட விட்டுராதீங்க. அண்ணன் நேத்தே கேட்டிருக்காம்மா. நேத்துல இருந்து நின்னுக்கிட்டே இருக்கான்.”