மணக்காத டுரியான்

தெப்ராவ் ஆற்றங்கரையில் தங்கராஜு முதலாளியின் தோல் கிடங்குக்கு யாரும் வழி கேட்டதில்லை. மூக்கே கூட்டிக்கொண்டு போய்விடும். பக்கத்துக் கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, ஜனங்கள் புகார் கொடுத்ததில், சுகாதார டாக்டர் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது.

முதலாளி வாசல் நிறைய, முள்ளுத்தோலும் ஊரைத் தூக்கும் வாடையும் உள்ள டுரியான் பழங்களைக் குவிக்கச் சொன்னார்.

"எது டுரியான் நாத்தம், எது தோல் நாத்தம்னு தொரைக்கு எப்படித் தெரியும்?" என்று சிரித்தார்.

அவர் சிரித்த முகத்தோடு இருந்தபோதே ராசம்மா தன் காரியத்தை எடுத்தாள். தோல் பதனிடப் போடும் மரப்பட்டையை இடிப்பவள் அவள். புருஷன் காளியப்பன், குரோம் மருந்து கலந்த தொட்டியில் இறங்கித் தோலைப் புரட்டுபவன். அந்த ஆரஞ்சு நிறத் தண்ணீருக்குக் கிடங்கில் மஞ்சத்தண்ணி என்று பெயர். அவன் விரல்களில் அது மிளகு அளவுக்குக் குழி குழியாகப் பறித்திருந்தது. ரசம் பட்டால் துடிப்பான். சோற்றை அவள்தான் ஊட்டினாள்.

"அவரைக் காயப்போடுற பந்தலுக்கு மாத்திடுங்க முதலாளி. கையே போயிடும்."

"மஞ்சத்தண்ணிதானே ராசம்மா. கல்யாண வீட்ல ஆள் மேல ஊத்துறதில்லையா?"

"அந்த மாப்பிள்ளைய ஒருநாள் இதுல இறக்குங்க, பாப்போம்."

முதலாளி தொண்டையைச் செருமினார். "சரி. நாத்தமே இல்லேன்னு உன் புருஷன் டாக்டர்கிட்ட சொல்லட்டும். மறுநாளே பந்தல்."

டாக்டர் வந்தார். ரப்பர் தோட்டங்களில் தமிழ் பழகிய வெள்ளைக்காரர். மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்காமலே, "என்ன நாத்தம் இது?" என்றார்.

"டுரியான் தொரே. சீசன்."

டாக்டர் காளியப்பனைக் கூப்பிட்டார். "நீ சொல்லு."

"ஒரு நாத்தமும் இல்லீங்க தொரே."

"டுரியான் நாத்தம்கூட இல்லையா?"

"இல்லீங்க."

முதலாளியின் முகம் சுண்டியது. அடுப்பில் கருவாடு தீய்ந்தபோதும் இவன் பேசாமல் உட்கார்ந்திருந்தது ராசம்மாவுக்கு இப்போதுதான் உறைத்தது. ரொம்பச் சாது என்றல்லவா நினைத்திருந்தாள்.

டாக்டர் ஒரு பழத்தைப் பிளந்து அவன் மூக்கடியில் நீட்டினார். "இப்ப?"

"முள்ளு குத்துதுங்க தொரே."

டாக்டர் அவனை அண்ணாந்து பார்க்கச் சொல்லி டார்ச்சு அடித்தார். "மூக்கு நடுச்சுவர்ல ஓட்டை. இந்தப் பக்கம் பார்த்தா அந்தப் பக்கம் தெரியுது."

"பொறவியிலேயே அப்படித்தான் தொரே," என்றார் முதலாளி, கூட இருந்து பிரசவம் பார்த்தவர்போல.

"நான் கட்டிக்கிட்டப்ப முழு மூக்குதாங்க," என்றாள் ராசம்மா. "மஞ்சத்தண்ணி ஆவி தின்னுடுச்சு."

"இந்த ஆள் இனிமே தொட்டியில இறங்கக்கூடாது," என்று சொல்லிவிட்டு டாக்டர் காரைப் பார்த்து ஓட்டமாய் நடந்தார்.

மறுநாள் முதலாளி கையை விரித்தார். "தொரை உத்தரவு, நான் என்ன செய்ய? தொட்டியில வேலை இல்லே. பந்தல்ல இடமில்லே."

ராசம்மா கோபப்படவில்லை. "சரிங்க முதலாளி. தொட்டியில இறங்குற மத்தவங்க மூக்கைத் தொரை பாக்கவே இல்லையே. எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு அழைச்சுக்கிட்டுப் போறேன். வழியில யார் கேட்டாலும் அண்ணாந்து காட்டச் சொல்றேன்."

அன்று மத்தியானமே பந்தலில் ஓர் இடம் முளைத்தது.

தொட்டிக்குக் குளுவாங்கிலிருந்து ஜெயபாலன் என்று புது ஆள் வந்தான். வந்ததும் வாந்தி எடுத்தான். முதலாளி அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"கொஞ்ச நாள்தான்பா. அப்புறம் நாத்தமே தெரியாது."

ராசம்மா உலக்கையை நிறுத்தினாள். "முதலாளி சொன்னதுல அது ஒண்ணுதான் நெசம் தம்பி. எப்படின்னு அதோ, பந்தல்ல நிக்கிறாரே, அவர்கிட்ட போய்க் கேளு."

ஜெயபாலன் வாயைத் துடைத்துக்கொண்டு பந்தலைப் பார்த்து நடந்தான். பின்னாலிருந்து முதலாளி கூப்பிட்டது அவன் காதில் விழவில்லைபோலும்.