கொம்பையா வயலைத் தாண்டி வர வேண்டிய தண்ணீர்

வாழையை வாட விட்டதுகூடப் பரவாயில்லை. வானொலியில் பேசிவிட்டு வாட விட்டதுதான் சுந்தர்ராமனை அரித்தது. பொருளாதார ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு, சேரன்மகாதேவிக்குக் கீழே இருந்த நெல் வயலை ஏத்தன் வாழைத் தோட்டமாக்கினார். அதோடு விட்டிருக்கலாம். 'நெல் என்னும் நீர்க்குடியன்' என்று கால் மணி நேரம் முழங்கி, ஊரையும் கேட்கச் சொல்லியிருந்தார். தொண்ணூற்று நாலாம் வருஷ மாசியில் வாழை குலை தள்ளத் தொடங்கியபோதுதான், பேச்சில் விட்டுப்போன விஷயம் உறைத்தது. அவர் வயலுக்குத் தனி வாய்க்கால் கிடையாது.

தண்ணீர் முதலில் மேல்வயலான கொம்பையாவின் முக்கால் ஏக்கரில் பாய்ந்து, வரப்பில் வெட்டிய மடை வழியாகத்தான் கீழே இறங்கும். அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். கொம்பையாவோ பிசானப் பருவ நெல் அறுப்புக்காக வயலைக் காயப்போட்டு, தண்ணீரை நிறுத்தியிருந்தார். இப்போது பாய்ச்சினால் முற்றிய கதிர் சாய்ந்து சேற்றில் முளைத்துவிடும். பாய்ச்சாவிட்டால் வாழைக் குலை சிறுத்துப்போகும்.

பயிர்மாற்றக் காலத்தில் இரு தரப்பும் விட்டுக்கொடுக்க வேண்டியதன் அவசியத்தைச் சுந்தர்ராமன் விளக்கினார். கொம்பையா குறுக்கிடாமல் கேட்டார். வானொலிப் பேச்சையும் கடைசிவரை கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"நெல்லு நெறையத்தான் குடிக்கும், சார்வாள். ஆனா மாசி பொறந்தா போதும்னு நிறுத்திக்கிடும். உங்க வாழை என்னைக்கு நிறுத்தும்னு ரேடியோவுல சொல்லலியே?"

 முப்பது வருஷ வகுப்பில் யாரும் கேட்காத கேள்வி.

சுந்தர்ராமன் அங்கேயே வரப்பில் நின்றார். இவரும் நெல் போட்ட காலத்தில் மாசியில் தண்ணீர்ப் பேச்சே எழுந்ததில்லை. இரண்டு வயலும் ஒரே வாரத்தில் பழுக்கும். மேலே வேண்டாத தண்ணீர் கீழேயும் வேண்டாம். அறுப்பன்று மருத மரத்தடியில், மனைவி காமாக்ஷி கொடுத்துவிட்ட மோரைக் குடித்துக்கொண்டு, திசையன்விளைச் சந்தையில் கொம்பையா வாங்கி ஏமாந்த காளையைப் பற்றி மதியம் முழுக்கச் சிரித்திருக்கிறார்கள். அந்தக் காளை செத்தே ஏழு வருஷம் ஆகிறது. கதை இன்னும் முடியவில்லை.

"எப்ப வே அறுக்கப்போறீரு?"

ஆளெல்லாம் மேலூர் அறுப்புக்குப் போயிருப்பதாகவும், திரும்ப ஐந்து நாள் ஆகும் என்றும் கொம்பையா சொன்னார். ஐந்து நாள் வாழை தாங்காது.

"ரெண்டு வீடும் எறங்கினா ரெண்டு நாளு. அருவா பிடிப்பியளா, சார்வாள்?"

அதுவரை குடை பிடித்துத்தான் அறுப்பு பார்த்தவர், மறுநாள் காலையில் வேட்டியை மடித்துக் கட்டினார். "ஏன்னா, விரலையும் சேர்த்து அறுத்துடாதேள்" என்றாள் காமாக்ஷி. பத்து மணிக்குள் விரலில் துணி சுற்றியிருந்தது. அவர் விட்டுவைத்த தாளையெல்லாம் கொம்பையாவின் மனைவி ஆறுமுகத்தாய் பின்னாலேயே வந்து அறுத்தாள். மத்தியானம் மருத மரத்தடியில் மோர் வந்தது. பின்னாலேயே காளையும் வந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் தண்ணீர் அரிதாள்களுக்கிடையே பைய ஊர்ந்து வந்தது. வரப்பு மடையில் அடைத்திருந்த சேற்றைச் சுந்தர்ராமனே கையால் அள்ளி எடுத்தார். முந்தித் தள்ளிய குலைகள் சிறுத்துத்தான் போயின; மற்றவை பிழைத்துக்கொண்டன.

வைகாசியில் வாழையை வெட்டி முடித்ததும் கொம்பையாவைத் தேடிப் போனார்.

"கார் நெல்லுக்கு நாத்துப் பாவும்போது எனக்கும் சேர்த்துப் பாவும் வே."

கொம்பையா காரணம் கேட்கவில்லை. கேட்ட காமாக்ஷிக்கு மட்டும், இதற்குப் பயிர்ச் சுழற்சி என்று பெயர் என விளக்கம் கிடைத்தது.